ஏழு மோட்டாரும் ஒரு டிரான்ஸ்பார்மரும்

எங்கள் டிரான்ஸ்பார்மருக்கு என்னைவிட வயது அதிகம். குரங்கணி போகிற சாலையோரம் நிற்கும் அதை நம்பி ஏழு தோட்டத்து மோட்டார்கள். எல்லார் மோட்டார் பெட்டியிலும் ஆட்டோ சுவிட்ச் உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஆள் வேண்டாம், காலையில் மும்முனை மின்சாரம் வந்த நொடியில் மோட்டார் தானாகக் கிளம்பும். ஏழும் ஒன்றாகக் கிளம்பினால் பீஸ் போகாமல் என்ன செய்யும்?

அந்தக் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் பீஸ் போனது. என் வாழைக் கன்றுகள் வாடி நின்றன. வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் நான் வைத்த வாழை. காய்ந்துபோனால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறேன் என்று வீறாப்பாக வேறு சொல்லித் தொலைத்திருந்தேன்.

"இன்னும் ரெண்டு தடவ இப்படிப் போச்சுன்னா டிரான்ஸ்பார்மரே எரிஞ்சிரும். புதுசு எப்ப வரும்னு என்னயக் கேக்காதீங்க" என்று லைன்மேன் சொல்லிவிட்டார்.

நான் போடியில் அறிவியல் டீச்சர். சும்மா இருப்பேனா? எல்லாரையும் கூட்டி வைத்துப் பாடம் எடுத்தேன். மோட்டார் கிளம்பும்போதுதான் கரண்டைக் கன்னாபின்னாவென்று இழுக்கும். ஒன்று கிளம்பி நிதானமான பிறகு அடுத்ததைப் போட்டால் இந்தக் கிழட்டு டிரான்ஸ்பார்மரே தாங்கும். வோல்டேஜும் இறங்காது, தண்ணீரும் வெரசாகப் பாயும். எல்லாரும் ஆட்டோவை அணைத்துவிட வேண்டியது என்று முடிவானது. வரிசை எழுதி ஒட்டினேன். பெருந்தன்மையாக என் மோட்டாரைக் கடைசியில் போட்டேன்.

மறுநாள் கரண்ட் வரும் நேரத்தில் நான் வகுப்பில் இருக்க வேண்டும். ஆறு பேர் ஒழுங்காக இருக்கும்போது என் ஒரு மோட்டார் தானாகக் கிளம்பினால் என்ன ஆகிவிடப் போகிறது? ஆட்டோவை அணைக்காமல் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

பீஸ் போனது.

சாயங்காலம் டிரான்ஸ்பார்மர் அடியில் ஒரே சண்டை. அதிகமாகச் சத்தம் போட்டது நான்தான். லைன்மேன் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். ஏழிலும் ஆட்டோ போட்டபடியே இருந்தது.

"என்ன டீச்சரம்மா, உங்களுதுமா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முதல் தோட்டத்து அக்காதான் விழுந்து விழுந்து சிரித்தார். முன்பு போடிமெட்டுக்கு ஏலக்காய்த் தோட்டச் சோலிக்கு ஜீப்பில் போய்வந்தவர், இப்போது தோட்டத்திலேயே குடியிருக்கிறார்.

"பெட்டிச் சாவிய எல்லாம் இங்கிட்டுக் கொண்டாங்க. ஸ்டாண்டுல ஜீப்ப அனுப்புற மாதிரி ஒண்ணொண்ணா நான் கெளப்பி விடுறேன்" என்றார். லைன்மேன் அன்றைக்கே ஏழு ஆட்டோவையும் கழற்றிவிட்டார்.

மறுநாள் காலை பள்ளியிலிருந்து போன் போட்டேன். "அக்கா, வாழை ரொம்ப வாடிக் கெடக்கு. என்னுத மொதல்ல போடுங்கக்கா."

"ஏழாவதுன்னு எழுதுனது நீதான டீச்சரு? போயி கிளாசப் பாரு."

இடைவேளையில் அவரே கூப்பிட்டார். "ஏழும் ஓடுது. ஒன் வாழைக்குத் தண்ணி பாயுது, கேளு" என்று போனை வாய்க்கால் பக்கம் நீட்டினார். சலசலவென்று கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

வாழை குலை தள்ளியபோது வீட்டுக்காரர் ஊரெல்லாம் என் அறிவியலைப் பற்றித்தான் பேசினார். என் பெட்டியிலும் ஆட்டோ போட்டிருந்ததை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.