மணமகள் தேவை விளம்பரமும் என் சகலையின் கண்ணும்

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. அடுத்தவன் வேலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களும் உண்டு.

நான் என் சகலையின் சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்!

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு நாற்பத்து நான்கு வயது. சகலை வெங்கட்டுக்கும் அதே வயதுதான். (அக்காவை மணந்தவன் நான், தங்கையை மணந்தவர் அவர். அதனால் என்னை 'அண்ணா' என்பார்.)

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பருந்துக் கண். அவருக்கு மைனஸ் ஐந்து. லஸ் முனையில் திரும்பும் பஸ்ஸின் நம்பரை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்வேன். கொஞ்சம் உரக்கவே.

பிறகு ஒரு நாள், பேப்பர் படிக்க என் கை நீளம் போதவில்லை.

"நாப்பது தாண்டினா கண்ணுக்குள்ள லென்ஸ் விறைச்சுப் போயிடும் சார்," என்றார் ஆழ்வார்பேட்டை கண் டாக்டர். "கிட்டக்க ஃபோகஸ் ஆகாது. எல்லாருக்கும் வர்றதுதான். படிக்க ஒரு கண்ணாடி போட்டுக்குங்க."

"என் சகலைக்கு வரலையே?"

"வந்திருக்கும். மைனஸ் பவர் இல்லையா? கண்ணாடியைக் கழட்டினாலே அவருக்குக் கிட்டக்க தெரியும்."

வாழ்நாளெல்லாம் பஸ் நம்பர் தெரியாத மனிதருக்கு இப்படி ஒரு போனஸ்!

டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கண்ணாடி வாங்கவில்லை. வெங்கட் எதிரில் அதை மாட்டிக்கொள்வதைவிட எழுத்தறிவில்லாதவனாக வாழ்வது மேல்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மந்தைவெளியில் மாமனார், கடைசிப் பெண் வசந்திக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். ஞாயிறு பேப்பரில் 'மணமகள் தேவை' பக்கத்தை அலசி, போன் செய்து பேசுவது மூத்த மாப்பிள்ளையின் பொறுப்பு. கண் போனது தெரிந்தால் அந்தப் பதவி வெங்கட்டுக்குப் போய்விடும்.

அந்த ஞாயிறு ஒரு விளம்பரம் பிடித்திருந்தது. பையனுக்கு பாங்க்கில் வேலை. போன் நம்பரின் கடைசி இலக்கம் மூன்றா, எட்டா?

மூன்று என்று முடிவு செய்து சுழற்றினேன்.

"உங்க பையனுக்குப் பொண்ணு பாக்கறேளாமே?"

"ஆமாம். யார் சொன்னா?" ஓர் அம்மாள்.

"பேப்பர்ல பாத்தேன்."

"பேப்பர்லயா? எங்காத்துக்காரர் குடுத்திருப்பார். எங்கிட்ட எதைத்தான் சொல்றார்! பொண்ணு என்ன நட்சத்திரம்?"

பையன் பாங்க்கில் இல்லை, கல்லூரி விரிவுரையாளர் என்று தெரிந்தது. (பேப்பர்காரர்களின் கவனக்குறைவைக் கடுமையாகக் கண்டித்தேன்.) ஜாதகம் பொருந்தியது. பையனுக்கும் வசந்திக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிற்று. வசந்தி சிரித்த முகமாக நடமாடியதை அந்த வீடு அப்போதுதான் பார்த்தது.

நிச்சயதார்த்தத்தன்று பையனின் அப்பா ஆரம்பித்தார்.

"சத்தியமா நான் விளம்பரமே குடுக்கலை ஸ்வாமி! ரெண்டு மாசமா இவ என்னைக் கரிச்சுக் கொட்டிண்டிருக்கா."

"அந்த விளம்பரம் இருந்தா காட்டுங்கோ. இன்னிக்குத் தெரிஞ்சுடட்டும்," என்றார் அந்த அம்மாள்.

மாமனார் பத்திரமாக வைத்திருந்த பேப்பர் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வெளிச்சம் போதலை," என்றேன். மணி காலை பத்து.

வெங்கட் அதை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். துண்டை மூக்கருகே வைத்து நியூஸ் வாசிப்பவர் போலக் கடகடவென்று படித்தார். என் வயிறு எரிந்தது.

"அண்ணா, கடைசி நம்பர் எட்டு. இவாத்து நம்பர் மூணுல முடியறது, நீங்க மூணுக்குப் பண்ணியிருக்கேள். இது வேற யாரோ!"

வசந்தியின் முகம் வெளுத்தது.

முதலில் வாய் திறந்தவர் பையனின் அப்பா. "நான் குடுக்கலைன்னு இப்பவாவது ஒத்துக்கறியா?"

"சரி, சரி. தட்டை மாத்திக்கோங்கோ," என்றார் அந்த அம்மாள்.

வசந்தி மூச்சு விட்டாள். வெங்கட் மட்டும் விடவில்லை. "என்ன மாமா இது! கண்ணு தெரியாமப் பாத்த வரன்!"

மாமனார் புது மாப்பிள்ளையை ஒரு முறை பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"கண்ணு நன்னாத் தெரிஞ்ச காலத்துல நான் பாத்துப் பாத்து எடுத்தது ரெண்டு. அதுக்கு இது எவ்வளவோ தேவலை."

மறுநாளே வெங்கட்தான் என்னைத் தி.நகருக்கு அழைத்துப்போய்ப் படிக்கிற கண்ணாடி வாங்கவைத்தார். வழியெல்லாம் மூன்றாவது மாப்பிள்ளையைப் பற்றித்தான் பேசினோம்.

அன்று தொடங்கிய ஒற்றுமை இன்றுவரை குறையவில்லை!