நைரோபியில் தொலைந்த வழிகாட்டி

இருபத்திரண்டு வருஷம் யாங்கோனில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவன் நான். அத்தனை வருஷத்தில் என் பொறுப்பில் வந்த ஒருவரைக்கூடத் தொலைத்ததில்லை. பஸ்ஸில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, பகோடா வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு தடவை என்று தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பேன். யாராவது வழி தவறிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுவேன். நின்ற இடத்திலேயே நில்லுங்கள், நான் வந்து கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வருவது குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போய்விட்டது. எப்போதாவது மிங்கலாடோன் விமான நிலையத்திலிருந்து யாராவது வியாபாரியைக் கூட்டி வரும் வேலை கிடைக்கும். மற்ற நாட்களில் தாமுவேயில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். மின்சாரம் பாதி நேரம் இருக்காது என்பதால் கால் மெஷின்தான். நான் அவள் பின்னால் போய் நின்று நூல் வேண்டுமா, கடைக்குப் போகணுமா, சட்டைத் துணியை மடித்து வைக்கட்டுமா என்று கேட்பேன். பதில் வருவதற்குள் கீழே இறங்கிப் போய், மறுபடி மேலே வருவேன்.

அப்படியிருக்கும்போதுதான் நைரோபியிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் அங்கே சிறிய சுற்றுலாக் கம்பெனி நடத்தும் ஓர் அம்மாள். பல வருஷங்களுக்கு முன் ஒரு குழுவோடு யாங்கோன் வந்தபோது அவருக்கு டெங்குக் காய்ச்சல் வந்துவிட்டது. குழுவை வேறு ஒருவரோடு அனுப்பிவிட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தேன். அதை அவர் மறக்கவில்லை. நான்கு நாள் பயணம் ஒன்றில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, முதல் நாள் நகரத்தை ஒட்டிய காடு, இரண்டு நாள் ஏரிக்கரை, கடைசி நாள் நகரம், வந்து சேர்ந்தால் போதும் என்று எழுதியிருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் விமான டிக்கெட்டை எடுத்துவிட்டாள். "அப்பா, ஒரு தடவையாவது நீங்க வண்டியில சும்மா உக்காந்துட்டு வாங்க" என்றாள்.

நான் மனைவியிடம் கேட்டேன். "நீ தனியா இருந்துக்குவியா?"

"மெஷின் இருக்கு, கீழ் வூட்டு மா இருக்காங்க. நீங்க இங்க இருந்து என்ன செய்யப் போறீங்க, மாடிப்படிய அளந்துக்கிட்டா?"

எங்கள் ஊரில் அக்காமாரை 'மா' என்றுதான் சொல்வோம். கீழ் வீட்டுப் பர்மாக்காரம்மாவும் நாங்களும் பதினைந்து வருஷப் பழக்கம்.

நைரோபியில் இறங்கிய உடனே உள்ளூர் சிம் வாங்கிப் போட்டு வீட்டுக்கு அழைத்தேன். மணி அடிக்கவே இல்லை. செய்தி அனுப்பினேன், போய்ச் சேரவில்லை. கீழ் வீட்டு எண்ணும் அப்படியே. மகளை அழைத்தால், "கரண்ட் போயிருக்கும்ப்பா. புதுசா என்ன?" என்றாள். புதிதில்லைதான். ஆனால் மின்சாரம் போகும்போதெல்லாம் நான் அந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறேன். இப்போது இல்லை.

எங்கள் வேனில் ஆறு பயணிகள். மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியர் என் பக்கத்து இருக்கைகளில் இருந்தார்கள். தமிழ் வம்சாவளி, ஆனால் பேச்சு பிரெஞ்சும் கிரியோலும் ஆங்கிலமும். நான் தமிழன் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் தனக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டினார். சோறு, ரசம், வேல், தம்பி. அதிலிருந்து நான் அவருக்குத் தம்பியாகிவிட்டேன். அவருடைய கணவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. முழுவதும் போவதற்கு முன் ஒரு காண்டாமிருகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக வந்திருந்தார். பின்னால் ஒரு தகப்பனும் இரண்டு பெரிய பெண்பிள்ளைகளும். வழிகாட்டி முப்பது வயதுப் பெண். வண்டியையும் அவளே ஓட்டினாள்.

காடு நகரத்தை ஒட்டினாற்போல் இருந்தது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் தெரிந்தன. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் அவள் எத்தனை மணிக்கு வண்டியை நிறுத்தினாள், தண்ணீர்ப் பாட்டில்களைக் கொடுத்தாளா, வெயில் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு தடவை திரும்பித் தலைகளை எண்ணினேன். ஆறு சரியாக இருந்தது, என்னையும் சேர்த்து.

மத்தியானத்துக்கு மேல் ஒரு குட்டைக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். புதருக்குப் பின்னால் ஒரு தாய்க் காண்டாமிருகமும் குட்டியும் நிற்பதாகவும், சத்தம் போடாமல் இருந்தால் தண்ணீருக்கு வரும் என்றும் தணிந்த குரலில் சொன்னாள். காத்திருந்தோம். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். என் கால் தானாக ஆடத் தொடங்கியது. கையால் முழங்காலை அழுத்திப் பிடித்தேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். புதர் அசைந்து ஒரு கொம்பு வெளியே வந்தது. அந்த நேரம் பார்த்து என் பையில் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்துதான் என்று எழுந்துவிட்டேன். மடியில் இருந்த எவர்சில்வர் பாட்டில் விழுந்து, வண்டியின் தரையில் முன்னாலிருந்து பின்னால் வரை உருண்டு போனது.

காண்டாமிருகங்கள் ஓடும் சத்தம் கேட்டது. போனில் வந்திருந்தது புது சிம் கார்டுக்கான வரவேற்புச் செய்தி.

பின்னால் இருந்த பெண்பிள்ளைகளில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். வழிகாட்டி கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். நான் கிழவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"வாலைப் பார்த்தேன்" என்றார் அவர், ஆங்கிலத்தில். "வால் நன்றாகத்தான் இருந்தது."

இதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு காட்டில் வேறு எந்தக் காண்டாமிருகமும் எங்கள் கண்ணில் படவில்லை.

மறுநாள் ஏரிக்குப் போனோம். தண்ணீர் ஏறி, கரையோர மரங்களெல்லாம் பட்டுப்போய் ஏரிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தன. படகில் போய் நீர்யானைகளைப் பார்த்தோம். கழுகு ஒன்று மீனைத் தூக்கியதைப் பார்த்தோம். நான் பார்த்தேன் என்று சொல்வது சரியா என்று தெரியவில்லை. என் கணக்கு வேறாக ஓடிக்கொண்டிருந்தது. இங்கே காலை பத்து என்றால் அங்கே மத்தியானம் ஒன்றரை. அவள் இந்நேரம் சாப்பிட்டிருப்பாள். அல்லது மாடிப்படியில் வழுக்கி விழுந்து கிடப்பாள். அங்கே நல்ல மழைக்காலம். படிகள் எப்போதும் ஈரம்.

மூன்றாம் நாள் காலையில் விடுதியின் கரையோரப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். வழிகாட்டிப் பெண் வேகமாக வந்து என்னைப் புல்வெளிப் பக்கம் திருப்பினாள். நீர்யானை மேய்ந்துவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பும் வழியாம் அது. அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை.

"உங்களை ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் ஆங்கிலத்தில். "முதல் நாளிலேருந்து நீங்க மிருகத்தைப் பாக்கறதே இல்ல. என்னையேதான் பாக்கறீங்க. என் வாட்ச்ச, என் கைய. நான் எதாவது தப்புப் பண்றேனா?"

"இல்லம்மா. நானும் வழிகாட்டிதான். பழக்கதோஷம்."

"தெரியும். எங்க முதலாளியம்மா சொல்லிட்டாங்க. ரொம்பப் பெரிய வழிகாட்டி வர்றாரு, பாத்து நடந்துக்கோன்னு. அதனாலதான் மூணு நாளா எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல."

காண்டாமிருகத்தை விரட்டியவனிடம் இந்தப் பெண் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். வீட்டிலிருந்து செய்தி இல்லை என்பதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "இன்னைக்கும் கிடைக்கலைன்னா சொல்லுங்க, நம்ம ஆபீஸ் போன்லேருந்து போட்டுப் பாக்கலாம்" என்றாள். அன்றைக்குப் போட்டுப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

கடைசி நாள் நகரம். காலையில் சந்தை, பிறகு அருங்காட்சியகம், சாயங்காலம் விமானம். சந்தைக்குள் மரச் சிற்பங்கள் விற்கும் வரிசையில் நின்றிருந்தபோது போன் அடித்தது. தெரியாத யாங்கோன் எண். கடைக்காரர்களின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தேன்.

"நாந்தான்" என்றாள் என் மனைவி. "அக்கா போன்லேருந்து பேசறேன். இங்க விபிஎன் போட்டாத்தான் லைன் போவுது, அதுவும் பாதியில அறுந்துடுது."

"எங்க இருக்க? என்ன ஆச்சு?"

"நீங்க ஏரோப்ளேன் ஏறுன அன்னைக்கே தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போச்சு. மீ இல்ல, தண்ணி இல்ல, போன் செத்துப் போச்சு. நா ரயிலப் புடிச்சு இன்சீனுக்கு அக்கா வூட்டுக்கு வந்துட்டேன். கீழ் வூட்டு மா அவங்க மக வூட்டுக்குப் போயிட்டாங்க." மின்சாரத்தை அவள் பர்மியில் 'மீ' என்றுதான் சொல்வாள்.

"ஒரு போன் போடக் கூடாதா? நாலு நாள்."

"உங்க புது நம்பரு எனக்கு எப்பிடித் தெரியும்? இன்னைக்குக் காலையில பாப்பா சிங்கப்பூர்லேருந்து அக்காவுக்குப் போட்டப்பதான் வாங்குனேன். யாபாதே, பரவால்ல, எனக்கு ஒண்ணும் ஆவல. சொல்லப் போனா நல்லாத்தான் இருந்துச்சு."

"என்ன நல்லா இருந்துச்சு?"

"அமைதியா இருந்துச்சு" என்றாள். "பின்னால வந்து யாரும் நிக்கல. ரெண்டு நாள் அக்கா மெஷின்ல தச்சதுக்கு மூணு ரவிக்கை முடிச்சிட்டேன்." பிறகு லைன் அறுந்துவிட்டது.

போனில் பேசினால் நான் நடப்பேன். வீட்டில் என்றால் கூடத்துக்கும் சமையலறைக்குமாக. இங்கே சுவரில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தபோது சந்தை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எத்தனை சாலைகளைக் கடந்தேன் என்றும் தெரியவில்லை. மறுபடி அழைக்க முயன்றதில் போனும் உயிரை விட்டது.

நின்ற இடத்தில் நில் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவன் நான். நிற்கவில்லை. இடது பக்கம் திரும்பினால் சந்தை வரும் என்று தோன்றியது, திரும்பினேன். வரவில்லை. பஸ்கள் புகையோடு உரசிப் போயின, நடத்துனர்கள் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவினார்கள். ஒரு பாதிரியாரிடம் வழி கேட்டு அவர் காட்டிய திசையில் போய், பாதியில் சந்தேகம் வந்து திரும்பினேன். வெயிலுக்கும் பதற்றத்துக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் சொன்னதும் கூடவே வந்தது. அமைதியா இருந்துச்சு.

ஒரு நடைபாதையில் ஷூவுக்குப் பாலிஷ் போடும் ஆள், நான் மூன்றாவது முறை அந்த வழியாகப் போவதைப் பார்த்துக் கையைத் தட்டி அழைத்தார். நரைத்த தாடி. வாடிக்கையாளர் உட்காரும் உயர நாற்காலியைக் காட்டினார். வழிகாட்டிப் பெண் முதல் நாளே எல்லோர் கையிலும் கொடுத்த அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. அதில் இருந்த எண்ணுக்குத் தன் போனிலிருந்து போட்டு, இடத்தைச் சொல்லிவிட்டு, போனை என்னிடம் தந்தார்.

"அங்கேயே உக்காருங்க" என்றாள் அவள். "எழுந்துக்காதீங்க. வர்றேன்."

நாற்பது நிமிஷம் ஆனது. ஷூவைக் கழற்றச் சொல்லி அந்த மனிதர் இரண்டு தடவை துடைத்து, மூன்றாம் தடவை மைபோட்டார். எழுந்து போக எனக்கு ஷூ இல்லை. வெறுங்காலை நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சாரியில் பழுத்த மாம்பழத்தை விசிறிபோல வெட்டி விற்கிற பெண், கோட்டு போட்ட குமாஸ்தாக்கள், மரக்கிளைகளில் ஆள் உயரத்துக்கு அசிங்கமாக நின்ற பெரிய நாரைகள். கண் அவற்றின்மேல் போனது. மனம் போகவில்லை. வேனில் ஐந்து பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் மனதில் இருந்தது.

வேன் வந்தது. அருங்காட்சியகத்துக்கு நேரமில்லாமல் போயிருந்தது. ஏறும்போது எல்லோரிடமும் ஒருவர் ஒருவராக மன்னிப்புக் கேட்டேன். பின்னால் இருந்த தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயம்தான். மொரீஷியஸ் அம்மாள் தன் பக்கத்து இருக்கையைத் தட்டி, "தம்பி, சோறு?" என்று கேட்டார். காலையில் எடுத்து வைத்திருந்த ரொட்டியைக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிச் சாப்பிட்டேன்.

விமான நிலையத்தில் வழிகாட்டிப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "எங்க முதலாளியம்மாகிட்ட என்னைப் பத்தி என்ன சொல்லப் போறீங்க?"

"நீ என்னைத் தேடிக் கண்டுபிடிச்சன்னு சொல்றேன்."

யாங்கோன் திரும்பி இரண்டு நாள் மனைவியோடு சரியாகப் பேசவில்லை. அவள் அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை. மூன்றாம் நாள் நானே கேட்டேன். "நான் இருந்தா உனக்கு அவ்வளவு தொந்தரவா?"

அவள் மிதியை நிறுத்தினாள். "நீங்க இருக்கறது தொந்தரவு இல்லங்க. நீங்க தவிக்கறத நா பாத்துக்கிட்டே தைக்கணும். அதான்."

அந்த வாரமே கீழ் வீட்டு மாவின் தம்பி பெகுவிலிருந்து வயிற்று வலியோடு வந்தார். எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல், எங்கே சீட்டு எடுப்பது என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "இவரு கூட்டிட்டுப் போவாரு" என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள் என் மனைவி. போனேன். அவர் ஊரில் போய்ச் சொல்ல, அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். இப்போது வாரத்தில் நான்கு நாள் எனக்கு இதுதான் வேலை. வெளியூர் நோயாளிகளை பஸ் நிலையத்தில் எதிர்கொண்டு, டாக்டரிடம் காட்டி, மருந்து வாங்கிக் கொடுத்து, திரும்ப ஏற்றிவிடுவது.

போன வாரம் மோல்மீனிலிருந்து வந்த ஒரு பெண்ணை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போயிருந்தேன். மூன்று மணி நேரக் காத்திருப்பு. ஏழெட்டுத் தடவை எழுந்து கவுண்டரில் போய் விசாரித்துவிட்டேன். அடுத்த தடவை எழுந்தபோது அவள், "ஊலே, கூப்பிடுவாங்க, உக்காருங்க" என்றாள். பர்மியில் ஊலே என்றால் சித்தப்பா மாதிரி. அவளுக்குத்தான் ஸ்கேன், பயமும் அவளுக்குத்தான். நான் உட்கார்ந்தேன். அவள் தன் ஊரில் ரப்பர் மரத்தில் பால் எடுப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.