பாத்திரத்தில் மீந்தது

எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தபோது, என் கீழுதட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. ஆறு மாதத்தில் உதடு முழுக்க வெளுத்து, வாயோரம் வரை இறங்கிவிட்டது. வலிக்காது, ஒட்டாது, சுலபத்தில் போகவும் போகாது என்றார் தோல் டாக்டர். எனக்குப் புரிந்தது. ஊருக்கு யார் சொல்வது?

கம்பெனியில்கூடச் சமாளித்துவிட்டேன். சர்ச்சில்தான் மாட்டிக்கொண்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும். ஆல்டர் பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலிடுவோம். ரசம் நிறைந்த ஒரே வெள்ளிப் பாத்திரம் இடக்கோடியிலிருந்து வாய் வாயாக வரும்; போதகர் விளிம்பை வெள்ளைத் துணியால் ஒரு துடைப்பு துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். என் உதடு வெளுத்த பிறகு, எனக்கு இடப்பக்கம் ரேஷன் கடை மாதிரி நெருக்கம். வலப்பக்கம் என் மனைவி மட்டும். எனக்குப் பின் குடிக்க அவளை விட்டால் ஆளில்லை. இவர்களோடுதானா பரலோகத்திலும் இருக்கப் போகிறோம் என்று உள்ளுக்குள் கருவிக்கொள்வேன்.

என் மகளுக்குத் திருவிருந்தில் சேர்க்கும் திடப்படுத்தல் சடங்கு முடிந்து, அவள் முதல்முறை பாத்திரத்தில் வாய் வைக்கும் நாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு மட்டும் நீங்க அப்பத்தோட நிறுத்திக்கலாமே. சபையில சில பேர் வருத்தப்படுறாங்க."

என் மனைவிக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா ஐயா பேசுறீங்க? ஒட்டுற நோவுன்னா எனக்கு இந்நேரம் வந்துருக்காதா? பொண்ணு மொத தபா எடுக்குது, அப்பன் வேடிக்கை பாத்துகினு உக்காரணுமா?"

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன். படித்தார். "எனக்குத் தெரியும்ங்க. சரி, எல்லாரும் எடுத்தப்புறம் கடைசியா வாங்க" என்றார். மகள் குடித்த பாத்திரத்தில் நானும் குடித்தால் போதும் என்று இருந்தது. வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

அந்த ஞாயிறு மகள் வெள்ளைத் தாவணியில் தோழிகளோடு முதல் வரிசையில் குடித்தாள். எல்லோரும் முடித்த பின் நான் தனியே போய் முழங்காலிட்டேன். ஒரு மிடறு. கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

மீந்ததைப் போதகர்தான் குடித்துத் தீர்க்க வேண்டும், அது முறை. ஒரு சொட்டும் மண்ணில் விழக் கூடாது என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவரும் அவர்தான். அன்று பாத்திரத்தை மூடி உள்ளறைக்கு எடுத்துப்போனார். ஆராதனை முடிந்ததும் அவருக்கு நன்றி சொல்ல மகளை அழைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். செம்பருத்திச் செடியின் அடியில் ரசத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. அவர் பயந்ததைக்கூட மன்னித்துவிட்டேன். என் மகள் அதைப் பார்த்ததை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மதியம் வீட்டில் பிரியாணி. நேற்றுவரை என் மிச்சக் காபிக்குச் சண்டை போட்ட பெண், நான் தண்ணீர் குடித்து வைத்த தம்ளரை விரல் நுனியில் எடுத்துப்போனாள். தனியாகக் கழுவி, மற்ற தம்ளர்களோடு சேர்க்காமல் ஜன்னலோரம் கவிழ்த்தாள். மனைவி அறையக் கை ஓங்கிக்கொண்டு எழுந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஜன்னலோரம் போய் அந்தத் தம்ளரை எனக்கென்று நானே எடுத்துக்கொண்டேன்.