சும்மா கொடுத்தாலும் போகாத சரக்கு

கத்தரிக்காய் விற்கிறவளைக்கூட நாலு பேர் கூப்பிட்டு விலை கேட்பார்கள். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறவளைக் கண்டால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் எனக்கு அந்த வேலை. சம்பளம் கிடையாது, தன்னார்வலர் என்று ஒரு பட்டம் உண்டு. பெரிய பள்ளிக்கூடம் தூரம், வயசுக்கு வந்த பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்ப முடியாது என்று எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்கிற பயம் ஒரு பக்கம், பிரஷர் மாத்திரை ஒரு பக்கம். ஒரு கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டு, காலி இடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஆள் பிடித்தது

வீடு வீடாகப் போனேன். ஒருத்திக்கு மாடு கன்று போடும் நேரம். ஒருத்திக்குக் காட்டில் களையெடுப்பு. இன்னொருத்தி, "கையெழுத்துப் போடத் தெரிஞ்சா குழுக்கடனுக்கு எல்லாரும் என்னையத்தான் ஜாமீன் கேப்பாளுக" என்று உள்ளே போய்விட்டாள்.

கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா இடுப்பில் பேரனோடு நின்றாள். சின்னதில் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டு வைத்தேன்.

"அப்பத் தம்பியத் தூக்கச் சொன்னாக. பெறகு பெத்ததத் தூக்குனேன். இப்பப் பேரனத் தூக்குறேன். இடுப்பு காலியானதும் சொல்லிவிடுறேன், வா தாயி."

தூங்காத ஒருத்தி

ஊர் நாடக மேடையில் மத்தியான வகுப்பு. வந்தவர்கள் காற்றுக்காக வந்தார்கள். விடியும் முன்னே பூப்பறிக்க எழுந்தவர்கள், நான் 'அ' எழுதித் திரும்புவதற்குள் பாதிப் பேர் சாய்ந்துவிடுவார்கள். எழுப்பவும் மனசு வராது, விடவும் மனசு வராது.

பாண்டியம்மா மட்டும் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருப்பாள். கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறாள். பறித்த பூவைத் திண்டுக்கல் சந்தைக்கு மொபெட்டில் கொண்டுபோவது அவள் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி. டீக்கடை கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்திப் பேசுகிற மனுஷர். மல்லி மொட்டாக இருந்தால்தான் விலை போகும். பாண்டியம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸுக்குக் கம்ப்யூட்டரில் ஓடுகிற கேள்வியைப் படித்துப் பதிலைத் தொட வேண்டும்.

"மொட்டாத்தேன் குடுத்துவிடுறேன் மதினி. இவுக ஊர்க்கதையப் பேசி முடிக்கமுன்ன அம்புட்டும் விரிஞ்சு போகுது. நீ வெரசா நடத்து."

கை நீண்டது

பலகையில் பெரிதாக எழுதினால் பாண்டியம்மா படிப்பாள். புத்தகத்தைக் கொடுத்தால் உளறுவாள். எட்டாவது படித்தவளிடம் படித்தால் இப்படித்தான் ஆகும் போல என்று எனக்குத் தூக்கம் போயிற்று. பிறகுதான் கவனித்தேன். புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, கை எட்டாமல் போனதும் படிப்பதை நிறுத்துகிறாள். புத்தகம் இலவசமாக வந்தது. கண்ணாடி வரவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் ஒரு கண்ணாடி வாங்கி வந்து மாட்டிவிட்டேன். எழுத்தைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் குனிந்திருந்த என் முகத்தைப் பார்த்தாள்.

"எழுத்து கெடக்கட்டும் மதினி, ஒன் மூஞ்சியில இம்புட்டுச் சுருக்கமா?"

வீட்டுக்காரர் வந்தது

ஒரு நாள் வெள்ளைச்சாமி மேடைக்குக் கீழே வந்து நின்றார். குழம்பு, வெஞ்சனம் வைக்க நேரமாகிறது, பொம்பளைக்கு எதற்குப் படிப்பு என்று சண்டைக்கு வந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். பாவம், அவர் துக்கம் வேறு.

"படிக்கட்டும், நான் வேணாங்கல. இவ லைசென்ஸ் எடுத்துட்டா நான் என்ன சாக்கச் சொல்லி ஊரவிட்டு வெளிய போறது?" என்றார்.

பாண்டியம்மா புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. "பின்னாடி ஒக்காந்து வாங்க."

கம்ப்யூட்டர் முன்னால்

லைசென்ஸ் தேர்வுக்கு நானும் கூடப் போனேன். அவள் உள்ளே, நான் வாசலில். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் வெளியே கேட்டது. கேள்வியை எழுத்துக் கூட்டி, பூச்சந்தையில் கூவுகிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். அங்கிருந்த அலுவலர், "யம்மா, மனசுக்குள்ள படிங்க" என்றார். நானோ, கேள்வி ஓடிவிடுமே, நேரம் போகிறதே என்று வாசலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன்.

பாஸ் ஆகிவிட்டாள். அலுவலருக்கு அவள் சொன்ன பதில்தான் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மனசுக்குள்ள படிக்க இன்னும் மதினி சொல்லிக் குடுக்கலங்க சார்."

எங்கள் தேர்வு

வண்டி ஓட்டிக் காட்டி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் எங்கள் எழுத்தறிவுத் தேர்வு வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பார்த்தால் அன்றைக்கு முகூர்த்த நாள்; மல்லி விலை மரமேறி நின்றது. பாண்டியம்மா விடியும் முன்னே கூடையைக் கட்டிக்கொண்டு தானே வண்டியை எடுத்துப் போய்விட்டாள். வகுப்பில் தூங்கியவர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். ஒருத்தி எழுதியதைப் பார்த்து அடுத்தவள் எழுதினாள், பேர் உட்பட. எல்லாரும் தேறினார்கள்.

சரிபார்க்க வந்த மேற்பார்வையாளர் தம்பி, பாண்டியம்மா பேருக்கு நேராக 'இடையில் நின்றவர்' என்று போட்டார். விடவில்லை நான். கேள்வியைப் படித்து லைசென்ஸ் வாங்கியவள், கடைப்பலகை எல்லாம் வாசித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவள் என்று கத்தினேன். அவர் அமைதியாகப் பேனாவை மூடினார்.

"லைசென்ஸுக்கு எங்க படிவத்துல கட்டம் இல்லக்கா. தேர்வுக்கு வரலைன்னா அவுங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அம்புட்டுத்தான்."

ஆக, எங்கள் ஊர்க் கணக்குப்படி படிக்காதவர்கள் எல்லாரும் படித்துவிட்டார்கள், படித்த ஒருத்தியைத்தான் இனிமேல் படிக்க வைக்க வேண்டும்.