போக்காடு திரும்பி வருமா

நகரியில எனக்கும் தாட்சாயணிக்கும் பக்கத்துப் பக்கத்துத் தறி. பவர்லூம் சத்தத்துல கத்திக் கத்திப் பேசியே ரெண்டு பேருக்கும் தகரக் குரலாயிடுச்சு. அவ ஞாயித்துக்கிழமை சபைக்குப் போறவ. நான் போறதில்ல. அன்னிக்கி அவளுக்கு ஜுரம், துணைக்குக் கூடப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

பாஸ்டர் சிட்டிபாபு யூதருங்க பண்டிகை ஒண்ணைப் பத்திப் பேசினாரு. பாவநிவாரண நாளாம். ஒரு வெள்ளாட்டுக்கடா தலைமேல கையை வெச்சி, ஜனங்க செஞ்ச தப்பையெல்லாம் அது மேல ஏத்தி, வனாந்தரத்துக்கு ஓட்டிடுவாங்களாம். அதுக்குப் பேரு போக்காடு. "நமக்கு இயேசுதான் அந்த ஆடு. எல்லாத்தையும் அவரு ஒரே தரம் சுமந்துட்டாரு. இனிமே யார் தலைமேலயும் ஏத்தாதீங்க"ன்னாரு.

தாட்சாயணி திடீர்னு எழுந்து நின்னா. "அய்யா, அந்த ஆடு திரும்பி வந்துச்சா?"

"வராதும்மா. பாவம் திரும்பி வரக்கூடாது, அதானே அர்த்தம்."

அவ அப்படியே ஒக்காந்து ஓன்னு அழுதா. சபையில யாருக்கும் புரியலே. எனக்குப் புரிஞ்சிது.

எட்டு வருஷத்துக்கு முன்னால அவ மக பிரேமலதா, ஆசைப்பட்டவனைக் கட்டிக்கினு வாசல்ல வந்து நின்னா. அதே வாரம் அவ நைனா, தாட்சாயணி புருஷன் வேதாச்சலம், செத்துட்டாரு. குடிச்சிக் குடிச்சி ஈரல் போன மனுஷன். மூணு மாசம் தாங்கறதே கஷ்டம்னு திருப்பதி டாக்டரு தாட்சாயணிகிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு. குடியாலதான் புருஷன் செத்தான்னு ஊரு பேசறதை அவளால தாங்க முடியலே. பொணத்து முன்னால நின்னு, "நீதாண்டி ஒன் நைனாவைத் துன்னுட்டே"ன்னு மகளைப் பார்த்துக் கத்தினா. நாங்களும் சேர்ந்து கத்தினோம். நானும்தான், பெரிய யோக்கியை மாதிரி! அந்தப் பொண்ணு செருப்புகூடப் போடாம, கட்டினவனோட ஊரை விட்டுப் போச்சு.

திருச்சானூர்ல ஒரு லாட்ஜில பிரேமலதா துணி தொவைக்கிறதா எப்பவோ கேள்விப்பட்டிருந்தோம். சபைக்குப் போன மறுநாளே தாட்சாயணி என்னை இழுத்துக்கினு கெளம்பிட்டா.

மொட்டைமாடியில ஈர பெட்ஷீட்டுங்க நடுவுல பிரேமலதா நின்னுக்கினு இருந்தா. பார்த்ததும் ஓடிவந்து அம்மா கால்ல விழுந்துட்டா.

"மன்னிச்சிட்டியாம்மா? அதுக்குத்தானே வந்தே? நைனா செத்த கெழமையில இன்னிவரைக்கும் நான் சோறு துன்றதில்லம்மா. தலையில பூ வெக்கிறதில்ல."

"சொல்லித் தொலைடி!"ன்னு நான்தான் தாட்சாயணி முதுகுல ஒண்ணு வெச்சேன். சொன்னா. டாக்டரு பேச்சு, மூணு மாசக் கெடு, எல்லாத்தையும்.

பிரேமலதா மெதுவா எழுந்தா. "அப்ப நைனா என்னால சாவலியா?"

"இல்லடி கண்ணு. வீட்டுக்கு வந்துடு."

"அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

தாட்சாயணி ஆமான்னு தலையை ஆட்டினா.

பிரேமலதா அழலே, சண்டையும் போடலே. பக்கெட்டுலேர்ந்து அடுத்த பெட்ஷீட்டை எடுத்து ஒதறினா.

"நான் கொன்னிருந்தா, மன்னிப்புக் கேட்டுக்கினு ஒன் பின்னாலயே வந்திருப்பேம்மா. இப்ப எதுக்கு வரணும்?"

ஷீட்டை எங்களுக்கும் அவளுக்கும் நடுவுல காயப்போட்டா. அதுக்கப்புறம் அவ மூஞ்சி எங்களுக்குத் தெரியலே.