பூஜையில் வைத்த ஸ்பேனர்

வண்டி ஒரு மாதமாகவே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் இரண்டாம் தடவைதான் ஸ்டார்ட் ஆகும். சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்கும். மேட்டில் திக்கித் திக்கி ஏறும். ஸ்பார்க் பிளக் போட்டு நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. புதிதாக நான்கு பிளக்கும் அதற்கான நீள ஸ்பேனரும் வாங்கி வைத்தேன். என்ஜின் ஆறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றி, புதியதைக் கையாலேயே மரை பிடிக்கவிட்டு, கடைசியில் ஸ்பேனரால் ஓர் இறுக்கு. அரை மணி நேர வேலை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினேன். என் சோம்பல் அப்படி.

ஆயுத பூஜையும் வந்துவிட்டது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் விஜயநகர் வீட்டில், வண்டிக்கு மாலை போட்டு, பிளக்குகளையும் ஸ்பேனரையும் சாமி படத்தின் முன் வைத்துக் குங்குமம் இட்டேன். கற்பூரம் அணைவதற்குள் மேட்டூரிலிருந்து அக்கா போன் செய்தாள். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

“ஏங்க, பிளக்கை மாத்திட்டே கிளம்புங்க. காட்டு வழி,” என்றாள் மனைவி.

“பூஜையில வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும்,” என்றேன். பூஜை போட்ட வண்டியை ஓட்டலாம், பூஜை போட்ட ஸ்பேனரைத் தொடக்கூடாது. என் பக்தியின் லட்சணம் அது.

கொள்ளேகால் வரை ஒழுங்காக வந்த வண்டி ஹனூரில் உதற ஆரம்பித்தது. என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. ஒரே ஒரு மெக்கானிக் கடையில் ஆள் இருந்தார். வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார்.

“சாமிக்கு வெச்சாச்சுங்கண்ணா. இன்னைக்குத் தொட மாட்டனுங்க. நாளைக்குக் காத்தால வாங்க.”

அப்பாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் கிடந்த என் ஸ்பேனர் ஞாபகம் வந்தது. வண்டியில் ஏறினேன்.

மாநில எல்லையில் இருக்கும் பாலாறு சோதனைச்சாவடிக்கு முன்பே, ஒரு மேட்டில், வண்டி நின்றுவிட்டது. மணி மூன்று. சாலையோரம் யானை லத்தி ஈரம் காயாமல் கிடந்தது. போனில் சிக்னல் இல்லை. மூங்கில் முறியும் சத்தம் ஒருமுறை கேட்டது. பிறகு அதுவும் இல்லை. யானையைவிட அந்த அமைதிக்குத்தான் பயந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினேன்.

அக்கா வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன.

“இப்பத்தான்டா,” என்றாள் அக்கா. “கால் மணி நேரம்கூட ஆகல. உன் வண்டிச் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு கேட்டுட்டே இருந்தாரு.”

மூன்றாம் நாள், மனைவி ஸ்பேனரோடு கொண்டுவந்த பிளக்குகளைக் குங்குமம் துடைத்து, அந்த மேட்டிலேயே மாற்றினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.