மஞ்சளுக்கு அடியில் ஓர் அம்புக்குறி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி ஒலித்தது. "அண்ணா, அவரு போய்ட்டாரு" என்றார் மேரி. முந்தின நாள் பம்மலில் யாரோ ஒருவர் வீட்டு அலமாரிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் தேவசகாயம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழவே இல்லை.

இரும்புலியூரில் நம் தெருக்கோடியில் மரக்கடை வைத்திருந்தவரை நம் குடியிருப்போர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 'ஒட்டுக்கட்டை' என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் தெரியும். அந்தப் பெயர் அவர்மேல் எப்படி விழுந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் விற்ற ஒரு புதுவகைக் கட்டையை முதலில் கடையில் பார்த்தபோது பிளைவுட் என்று நினைத்தேன்.

"இன்னா சார், வாத்தியாரு நீங்களே இப்டி சொன்னா?" என்று அதன் ஓரத்தைக் காட்டினார். கனத்த புத்தகத்தின் பக்கங்களைப் போல மெல்லிய மரத்தகடுகள் ஒட்டி அழுத்தப்பட்டிருந்தன. பிளைவுட்டில் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவார்கள். இதில் எல்லாத் தகட்டின் ரேகையும் நீளவாக்கில் ஓடுகிறது. அதனால்தான் உத்தரமாக நின்று பாரம் தாங்குகிறது. சிறிய மரங்களிலிருந்தே நீளமான உத்தரம் கிடைத்துவிடும். உலர்ந்த தகடுகள் என்பதால் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. கதவு நிலைக்கும் ஏற்றது.

"ஒரே மரம்னா முடிச்சு கீற எடத்துல ஒடையும் சார். இதுல முடிச்ச எல்லாத் தகடும் பங்கு போட்டுக்கினு கீது" என்றார். "ஆனா மழைல நனைய வுட்டா நான் பொறுப்பில்ல."

குறையையும் சேர்த்துச் சொல்லி விற்கும் மனிதர். அதனால்தான் நம் வாசகசாலைக் கூரைக்கு அவரிடமே உத்தரங்கள் வாங்கலாம் என்று நான் சொன்னேன்.

செவ்வக உத்தரத்தைப் படுக்கவைக்கக் கூடாது. குறுகிய விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். அதற்காக ஒவ்வொன்றின் அகலமான பக்கத்திலும் மேல்நோக்கிச் சிவப்பில் அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தார். ஏற்றிய வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டார். அன்று அவர் செல்போன் பழுதாகிக் கிடந்தது.

உத்தரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க, வயதில் மூத்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "அகலமா இருக்குற பக்கமாத் தேய்ங்க சார், கீழேருந்து பாத்தா பொட்டு தெரியணும்" என்றார் மேஸ்திரி. அம்புக்குறியைப் பார்த்தேன். மரக்கிடங்கில் போட்ட அடையாளம் என்று நினைத்து அதன்மேலேயே கெட்டியாகப் பூசினேன். மற்ற உத்தரங்களுக்கும் அப்படியே. பொட்டு தெரியும்படி எல்லாவற்றையும் படுக்கவைத்து ஏற்றினார்கள். கைதட்டினோம்.

மழைக்காலம் வருவதற்கு முன்பே கூரை நடுவில் தொய்ந்தது. கூட்டம் போட்டு அவரை அழைத்தோம்.

"இன்னாப்பா, பேப்பர ஒட்டி உத்தரம்னு குடுத்துட்டியா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"படுக்க வெச்சிட்டாங்கண்ணா. அம்பு போட்டுத்தான் அனுப்ச்சேன்."

"எங்க உன் அம்பு? தேக்குன்னா எப்டி வெச்சாலும் நிக்கும். இது ஒட்டுக்கட்ட."

அவர் என்னைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க. அந்த ஸ்கேல் மேட்டரு."

முப்பது ஆண்டு இயற்பியல் வகுப்பில் அதைச் செய்து காட்டியிருக்கிறேன். அடிக்கோலைப் படுக்கவைத்து அழுத்தினால் வளையும். விளிம்பில் நிறுத்தினால் வளையாது. அவர் கடையிலும் ஒருநாள் செய்து காட்டி, இருவரும் சிரித்திருக்கிறோம். உத்தரம் ஏற்றிய நாளில் அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று எழுந்து சொல்லியிருந்தால், அம்பை மறைத்த கை யாருடையது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உத்தரங்களை இறக்கிவிட்டு இரும்பு போட்டோம். அதன்பிறகு அவரிடம் யாரும் உத்தரம் கேட்கவில்லை. 'ஒட்டுக்கட்டை' என்ற பெயர் மட்டும் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. கடையை மூடிவிட்டுப் பம்மலுக்குப் போய், பிறர் பட்டறையில் பலகை அறுத்தார்.

போவதற்கு முன் ஒரு முழ மரத்துண்டோடு என் வீட்டுக்கு வந்தார். இறக்கிய உத்தரத்தில் அறுத்தது. கழுவியும் போகாத மஞ்சளுக்கு அடியில் அம்பு மங்கலாகத் தெரிந்தது.

"மஞ்ச பூசுனது நீங்கதான்னு மேஸ்திரி அப்பவே சொல்ட்டாரு சார். நல்ல மனசோடதான பூசுனீங்க."

"தெரிந்துமா கூட்டத்தில் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில், "ஒட்டுக்கட்ட போய்ட்டாருப்பா" என்று பின்னால் யாரோ சொன்னார். அப்போதும் நான் திரும்பவில்லை.

அந்தத் துண்டு என் மேசைமேல் விளிம்பில் நிற்கிறது. அம்பு மேலே பார்க்கிறது. அவர் நினைவாக எனக்கென்று இருப்பது அதுவும், நான் சொல்லாத ஒரு வாக்கியமும்தான். தேவசகாயம் கொடுத்தது நல்ல உத்தரம். மூன்று ஆண்டு கழித்து, அவர் கேட்க முடியாதபோது, எழுதுகிறேன்.